அரை லிட்டர் பாட்டலும் அப்புச்சி கணக்கும்

வாடா கண்ணு, உக்காரு. அந்தப் பாட்டலைக் கீழ வையி, எங்கயும் ஓடிறாது. அரை லிட்டரு பாட்டலுக்கு ரெண்டு கையும் குடுத்துத் தாங்கிட்டு வர்றியே, அத்தனை கனமா அது? "இதுக்குள்ள ஒரு மூட்டை யூரியா இருக்குது அப்புச்சி"ங்கறே. சரி, இருக்கட்டும். மூட்டை தூக்கியே முதுகு வளைஞ்சவன் நான். மூட்டையை மடிச்சுப் பாட்டல்ல போட்டவன் எவனோ, அவனுக்கு மொதல்ல ஒரு கும்புடு. கும்புட்டுட்டு அப்பறம் கணக்குக் கேப்போம். கும்புடறதும் கணக்குக் கேக்கறதும் ஒண்ணுக்கொண்ணு விரோதமில்லை.

உன்ர அம்மா உன்னைய இஞ்சினீரிங் படிக்க வச்சா. நான் எட்டாவதோட ஏர் புடிச்சவன். ஆனா பேப்பர் படிக்காம எனக்குக் காப்பித்தண்ணி எறங்காது. கோயமுத்தூரு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல கண்காட்சின்னா மொத பஸ்ஸுல நான் இருப்பேன். அதனால, கெழவனுக்கு என்ன தெரியும்னு வாயோரமாச் சிரிக்கறயே, அந்தச் சிரிப்பை எடுத்துச் சட்டைச் சோப்புல வச்சுட்டு நாஞ் சொல்றதைக் கேளு.

நானோன்னா என்னடான்னா "ரொம்பச் சின்னது"ங்கறே. டாட்டாக்காரங்க 2009-ல அந்தப் பேருல வித்த காரும் சின்னதுதான். அதுக்குள்ள நாலு பேரு உக்கார்ந்து போனாங்களே! எத்தனை சின்னதுன்னு சொல்லோணுமா இல்லையா? ஒரு மீட்டரை நூறு கோடியாப் பங்கு போட்டா, அதுல ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். உன்ர தலைமசுரு ஒண்ணை எடுத்து அகலத்தை அளந்தா 80,000 நானோமீட்டர் பக்கமா வரும். புடுங்கிப் பார்த்தறாதே, இருக்கறதே கொஞ்சம். ரத்தத்துல ஓடுற செவப்பணு ஒண்ணு 7,000 நானோமீட்டர். நம்மளையெல்லாம் ஊட்டுக்குள்ள பூட்டி வச்சுதே கொரோனா, அந்தக் கிருமி 100 நானோமீட்டர் சொச்சம். நம்ம வெரல் நகம் வினாடிக்கு ஒரு நானோமீட்டர் கணக்குல வளருதாமா. நான் இந்தப் பழமையைப் பேசி முடிக்கறதுக்குள்ள உனக்கு ஆயிரத்துக்கு மேல வளர்ந்துரும். புத்தி எத்தனை வளரும்னு பொறவு அளந்துக்கலாம்.

ஒண்ணுல இருந்து நூறு நானோமீட்டருக்குள்ள அடங்குற பொடிக்குத்தான் நானோத்துகள்னு பேரு. அதுக்கும் கீழ போனா அது துகளே இல்லை, வெறும் மூலக்கூறு. இதை நீ மனசுல வச்சுக்கோணும். எதுக்குன்னா, போன நோம்பிக்கு ஏதோ மீட்டிங்குக்குப் போயிட்டு "நானோ தண்ணி"ன்னு ஒரு பாட்டல் வாங்கியாந்து, மூட்டுவலி போயிரும்னு எனக்குக் குடுத்தே பாரு, அது ஞாவகம் இருக்குதா? தண்ணியோட மூலக்கூறு ஒண்ணு கால் நானோமீட்டரை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். நம்ம கெணத்துத் தண்ணியும் அதே அளவு, சாக்கடைத் தண்ணியும் அதே அளவு. தண்ணியை அதுக்கும் மேல சின்னதாக்குனா அது தண்ணியாவே இருக்காது. அந்தப் பாட்டலை நான் கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டேன். செடிக்கு மூட்டுவலி இல்லை.

சரி, பொடிசாப் போனா என்ன ஆகுது? உனக்குப் புரியற கணக்குலயே சொல்றேன். உன்ர பொண்டாட்டி கழுத்துல கெடக்கற தங்கத்துல ஒரு பவுனை எடுத்துக்கோ. எடுக்கற மாதிரி நெனைச்சுக்கோ, நெசமா எடுத்தறாதே. எட்டு கிராம். கட்டியா இருந்தா ஒரு சுண்டுவெரல் நுனி அளவு கூட வராது. அதையே ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கட்டங்கட்டமா நறுக்கி, ஒவ்வொண்ணோட மேல்பரப்பையும் கூட்டிப் பாரு. 2,500 சதுர மீட்டர் கிட்ட வரும். நம்ம கணக்குல அறுவது சென்ட்டு நெலம். பவுனை வித்துக் காடு வாங்குனவனை நான் பார்த்திருக்கேன். பவுனை நறுக்கியே அறுவது சென்ட்டாக்குறது இந்த வித்தை ஒண்ணுதான். பட்டா மட்டும் கெடைக்காது.

இதுல என்ன லாபம்? எந்தப் பொருளும் வெளியில இருக்கறதோட ஒறவாடறது மேல்பரப்புலதான். கட்டித் தங்கத்துல உள்ளுக்குள்ள கெடக்கற அணுவுக்கு வெளியில மழை பேயுதா வெயிலடிக்குதான்னே தெரியாது. நறுக்க நறுக்க, உள்ள பதுங்கிக் கெடந்ததெல்லாம் வாசலுக்கு வந்துருது. தங்கத்துக்கு ஒண்ணுமே ஒட்டாது, துருவே புடிக்காதுன்னு பேரு. அந்தத் தங்கத்தையே அஞ்சு நானோமீட்டருக்கும் கீழ பொடிச்சு வச்சா, நச்சுப் புகையான கார்பன் மோனாக்சைடை சில்லுன்னு இருக்கற குளிர்லயே மாத்திப் போடுதுன்னு ஜப்பான்காரர் ஹருத்தா 1987-ல காட்டுனார். சும்மா கெடந்த சோம்பேறி வேலைக்காரனாயிட்டான். கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுன்னு நம்ம பெரியவங்க சொல்லி வச்சது கடுகுக்குச் சரி. அது எத்தனை சிறுத்தாலும் அதே காரந்தான். தங்கம் சிறுத்தா, இது வரைக்கும் இல்லாத காரம் புதுசா வந்து சேருது.

காரம் மட்டுமா, நெறமே மாறுது. 20 நானோமீட்டர் தங்கத்துகளைத் தண்ணியில மெதக்க விட்டா, தண்ணி மஞ்சளா இருக்காது. செக்கச் செவேல்னு இருக்கும். துகள் பெருசாகப் பெருசாக ஊதாவாகி நீலத்துப் பக்கம் போகும். வெளிச்சம் பட்டதும் துகள்ல இருக்கற எலக்ட்ரானெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து ஊசலாடி, பச்சை வெளிச்சத்தை முழுங்கிருது. மிச்சம் வர்றது செவப்பு. லண்டன்ல மைக்கேல் பாரடேன்னு ஒருத்தர், மின்சாரத்துல மோட்டார் சுத்த வச்ச அதே மனுசன், 1857-ல இந்தச் செவப்புத் தங்கத் தண்ணியைப் பண்ணி, இது தங்கத்தோட பொடிசுதான்னு சொன்னார். அவர் பண்ணி வச்ச குப்பி ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல இன்னும் இருக்குது. அவருக்கும் ஆயிரத்தைந்நூறு வருசம் முன்னாடி ரோமாபுரிக்காரன் ஒரு கண்ணாடிக் கிண்ணம் பண்ணியிருக்கறான். லைகர்கஸ் கிண்ணம்னு பேரு, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்குது. முன்னாடி வெளக்கு வச்சுப் பார்த்தா பச்சை, உள்ளுக்குள்ள வெளக்கு வச்சா செவப்பு. கண்ணாடிக்குள்ள தங்கமும் வெள்ளியும் நானோப் பொடியாக் கலந்து கெடக்குது. கலந்தவனுக்கு அது தெரியாது.

இப்ப நீ "நம்ம ஆளு அதுக்கும் முன்னாடியே பண்ணிட்டான் அப்புச்சி"ன்னு வாட்சப்பைத் தெறக்கப் போறே. தெறக்காதே, எனக்கும் வந்துச்சு. கீழடியில தோண்டுன பானையோட்டுக்குள்ள பூசியிருந்த கருப்புப் பூச்சுல கார்பன் நானோகுழாய் இருக்குதுன்னு வேலூரு விஐடி ஆராய்ச்சிக்காரங்க 2020-ல எழுதுனாங்க. ஏதோ தழைச்சாறு பூசிச் சூளையில வெந்ததுல அது உண்டாகியிருக்கலாம்னு நெனைக்கறாங்க. ரெண்டாயிரத்து அறுநூறு வருசமா அந்தப் பூச்சு உரியலை. மெச்சிக்கோ, தாராளமா மெச்சிக்கோ. ஆனா அந்தக் குயவன் "நானோ பானை"ன்னு எழுதி ரெண்டு மடங்கு வெலைக்கு விக்கலை பாரு, அதையுஞ் சேர்த்து மெச்சு. உங்க அம்முச்சி வெளக்கெண்ணெய்த் தீவத்துல புகை புடிச்சு உன்ர கண்ணுல இழுத்து உட்ட மையும் நானோத்துகளாலதான் ஆனது. அவ ஒரு நாளும் பீத்திக்கலை.

இனி வேலைக்கு வருவோம். இந்தப் பொடிசை என்ன வேலைக்கு வச்சிருக்கறாங்கன்னு பாரு. மொத வேலை, சேதி சொல்றது. போன வருசம் உன்ர பொண்டாட்டி குளியலறையில இருந்து ஒரு பட்டையை எடுத்துட்டு வந்து காட்டுனப்ப, ரெண்டு செவப்புக் கோட்டைப் பார்த்துட்டு நீ தாழ்வாரத்துல இருந்து குதிச்சியே, ஞாவகம் இருக்குதா? அந்தச் செவப்பு என்னன்னு நெனைச்சே? சாயமுன்னா? அந்த மாதிரிப் பட்டையில பெரும்பாலும் தங்கம்டா. பட்டையோட ஒரு ஓரத்துல நானோத் தங்கத்தைக் காய வச்சிருப்பாங்க. ஒவ்வொரு துகள் மேலயும் ஆன்டிபாடின்னு ஒரு புரதத்தை ஒட்டியிருப்பாங்க. கர்ப்பத்துல சொரக்கற ஹார்மோனை மட்டும் அது கவ்விப் புடிக்கும். ஒண்ணுக்குத் தண்ணி பட்டதும் தங்கம் நனைஞ்சு, பட்டையில ஊர்ந்து போகும். வழியில ஒரு கோட்டுல இன்னொரு ஆன்டிபாடி உக்கார்ந்து காத்துட்டிருக்கும். ஹார்மோனோட வர்ற தங்கத்தை மட்டும் அது நிறுத்தி வைக்கும். ஆயிரக்கணக்குல, லட்சக்கணக்குல தங்கத்துகள் அங்க சேர்ந்தா, அதுதான் செவப்புக் கோடு. ரெண்டாவது கோடு, பட்டை ஒழுங்கா வேலை செய்யுதுங்கறதுக்குச் சாட்சி. கொரோனாவுக்கு மூக்குல குச்சி உட்டுப் பதினஞ்சு நிமிசத்துல சொன்னாங்களே, அதுவும் இதே வித்தைதான். உன்ர பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே உனக்குத் தங்கத்துல சேதி அனுப்புனவ. நீதான் அந்தப் பட்டையைக் குப்பையில போட்டுட்டே.

அத்தனை தங்கம் இருந்தும் பட்டை வெலை என்ன? அம்பது, நூறு ரூபா. எதனால? தங்கம் துளியூண்டு. கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும், அதோட சோலி முடிஞ்சுது. இந்த எடத்துல ஒரு முடிச்சைப் போட்டு வச்சுக்கோ, பொறவு அவுக்கலாம்.

ரெண்டாவது வேலை, கிருமியைக் கொல்றது. வெள்ளிக்கு அந்தக் கொணம் உண்டு. மேல்பரப்புல இருந்து அயனி கசிஞ்சு வந்துதான் கொல்லும். மேல்பரப்பு பெருகுனா கசிவும் பெருகும், அதனால கொஞ்சம் வெள்ளியே போதும். நம்ம ரைஸ் மில்லுல மலையாக் குமிச்சு வச்சிருக்கற உமிச்சாம்பல் இருக்குதே, அதுல நானோ வெள்ளியை ஏத்தி 2009 டிசம்பர்ல டாட்டா ஸ்வச்னு ஒரு தண்ணி வடிகட்டி வந்துச்சு. கரண்டும் வேண்டாம், குழாய்த் தண்ணியும் வேண்டாம், ஆயிரம் ரூபாய்க்குள்ள. சென்னை ஐஐடியில தலப்பில் பிரதீப்னு ஒரு பேராசிரியர் இருக்கறார், 2020-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. நானோ வெள்ளி மேல எண்டோசல்பான், மாலத்தியான், குளோர்பைரிபாஸ் கலந்த தண்ணியை உட்டா மருந்து தண்ணியில நிக்காதுன்னு காட்டி, அது வடிகட்டியாவே கடைக்கு வந்துருச்சு. இந்த மூணு பேரையும் எங்கயோ கேட்டாப்புல இருக்குதா? நம்ம தோட்டத்துச் சாளையில டப்பாடப்பாவா அடுக்கி வச்சு அடிச்சது எல்லாந்தான். நாம தெளிச்சதை நாமளே குடிக்காம இருக்கறதுக்கு ஒரு மனுசன் வெள்ளியைப் பொடிக்க வேண்டியதாப் போச்சு. ஆர்சனிக் நஞ்சு கலந்த தண்ணிக்கும் இரும்பை வச்சு அவரு ஒரு வழி பண்ணியிருக்கறார், அம்ரித்னு பேரு.

இதையெல்லாம் கேட்டுட்டு நீ நானோ வெள்ளி போட்ட காலொறையை 400 ரூபா குடுத்து வாங்குனே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அமெரிக்காவுல அரிசோனாக்காரங்க 2008-லயே அந்த மாதிரிக் காலொறையைத் தொவைச்சுப் பார்த்துட்டாங்க. சில ஜோடியில நாலு தொவையலுக்குள்ள வெள்ளி முக்காலும் தண்ணியோட போயிருச்சு. போன வெள்ளி எங்க போச்சு? சாக்கடைக்கு. அங்க நல்ல கிருமியும் இருக்குது, கெட்ட கிருமியும் இருக்குது. வெள்ளிக்கு ஆளு தெரியாது. காலொறை நாறுனா சோப்புப் போடு கண்ணு. அஞ்சு ரூபாயில முடியற சோலிக்கு ஐஐடி வரைக்கும் போகாதே.

மூணாவது, கொண்டு போய்ச் சேக்கறது. கொரோனாவுக்கு அமெரிக்காக்காரங்க போட்டுகிட்ட பைசர், மாடர்னா ஊசியில 100 நானோமீட்டர் பக்கமா கொழுப்பு உருண்டை. நாம போட்டுகிட்டது வேற சாதி, நீ உன்ர கையைத் தடவிப் பார்க்காதே. அந்த உருண்டைக்குள்ள ஆர்என்ஏங்கற கடுதாசி. வெறுங்கடுதாசியா உடம்புக்குள்ள உட்டா நொடியில பிஞ்சு போகும். கொழுப்புக் கவர்ல போட்டு அனுப்புனதால செல்லுக்குள்ள பத்திரமாப் போய்ச் சேந்துச்சு. பைசர் ஊசியில அந்தக் கடுதாசி எத்தனை தெரியுமா? 30 மைக்ரோகிராம். ஒரு கிராமை முப்பதாயிரத்துச் சொச்சம் பேருக்குப் பங்கு போடலாம். புத்துநோய் மருந்து டாக்சோரூபிசினையும் இப்பிடித்தான் கொழுப்புக் குமிழிக்குள்ள அடைச்சு 1995-ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க, இருதயத்துக்குச் சேதாரம் கொறையட்டும்னு. நம்ம கோயமுத்தூரு பல்கலைக்கழகமும், கனடாவுல குவெல்ப் பல்கலைக்கழகமும், இலங்கையில தொழில்நுட்ப நிறுவனமுஞ் சேந்து, ஹெக்சனால்னு ஒரு பொருளை நானோக் கலவையாக்கி மாம்பழம் சீக்கிரம் கனிஞ்சு அழுகாம இருக்க மருந்து பண்ணியிருக்கறாங்க. பச்சைப்புல்லை அறுத்தா ஒரு வாசம் வருமே, அதுல இருக்கறதுதான் ஹெக்சனால். காயோட செல்லுச் சவ்வை அரிக்கற நொதியை அது தடுக்குது. மரத்துலயே பழம் சில நாள் எச்சு நிக்கும், வெலை எறங்குன நாள்ல பறிச்சுக் கொட்ட வேண்டியதில்லை. மாந்தோப்பு வச்சிருக்கறவனுக்கு அது பெரிய ஆறுதல்.

இன்னொண்ணு, வெளிச்சத்தோட வெளையாடறது. கிரிக்கெட்டுக்காரன் மூக்குல வெள்ளையா அப்பிட்டு நின்னானே முந்தி, அது துத்தநாக ஆக்சைடு. அதையே நானோவாக்குனா வெள்ளை தெரியாது. கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தோட அலையை விடத் துகள் ரொம்பச் சின்னதாயிருது, அதனால சிதறடிக்கறதில்லை. ஆனா சுடற புற ஊதாவை மட்டும் முழுங்கிரும். உன்ர பொண்டாட்டி பூசற வெயில் கிரீம் தண்ணியாட்டத் தெரியறது அதனாலதான். அளவை மாத்துனா நெறம் மாறுற இன்னொரு துகளைக் கண்டுபுடிச்சதுக்குத்தான் பவெண்டி, புரூஸ், எகிமோவ்னு மூணு பேருக்கு 2023-ல வேதியியல் நோபல். அதை வச்சு டிவி பண்ணி, அந்த டிவியில நீ சீரியல் பார்க்கறே.

இப்ப முடிச்சை அவுப்போம். இதுவரைக்கும் சொன்ன வேலைகளை வரிசையா நெனைச்சுப் பாரு. சேதி சொல்றது, கிருமி கொல்றது, கடுதாசி சேக்கறது, நொதியைத் தடுக்கறது, வெளிச்சத்தை மடக்கறது. எல்லாமே துளி போதுங்கற வேலை. பொடிசானா கொணம் மாறுது, நெசம். ஆனா எடை மாறாது. ஒரு கிராமை எத்தனை பொடிச்சாலும் ஒரு கிராம்தான். வவுத்துக்குச் சோறு போடற வேலைக்குத் துளி பத்துமா?

பாட்டலை எடு. லேபிளைப் படி. கண்ணாடி வேணுமா? அந்த எழுத்தையும் நானோவுலதான் போட்டிருக்கறாங்க.

இப்கோங்கற உரக் கூட்டுறவுக்காரங்க குஜராத்துல கலோல்ங்கற ஊருல ஆராய்ச்சி பண்ணி 2021 மே 31-ல நானோ யூரியாவை வெளியுட்டாங்க. அரை லிட்டரு பாட்டல், 45 கிலோ மூட்டை ஒண்ணுக்கு ஈடுன்னாங்க. அடியுரத்தைத் தொடாதே, மேலுரத்துல ஒரு மூட்டைக்குப் பதிலா இலையில தெளின்னாங்க. அப்ப வந்த பாட்டல்ல தழைச்சத்து, அதான் நைட்ரஜன், 4 சதம். அரை லிட்டருல 4 சதம் எத்தனை? 20 கிராம். மூட்டை யூரியாவுல தழைச்சத்து 46 சதம். 45 கிலோவுல எத்தனை? 20 கிலோ 700 கிராம். ஒண்ணு கிராம், ஒண்ணு கிலோ. இஞ்சினீரிங் படிச்சவனே, ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

"மண்ணுல போடற யூரியா பாதிக்கு மேல காத்துலயும் தண்ணியிலயும் போயிருது அப்புச்சி, இது இலைக்குள்ளயே போவுது"ன்னு சொல்ல வாயைத் தெறக்கறே. நெசந்தான், மண்ணுல போட்டா வீணாவுது. வீணானதுல நெலத்தடித் தண்ணி கெடுது, கவர்மெண்டு மானியமும் கரையுது. அதைக் கொறைக்கோணும்னு நெனைச்சது நல்ல நெனைப்பு. அப்ப மூணுல ஒரு பங்குதான் பயிருக்குச் சேருதுன்னே வச்சுக்கோ. அப்பவும் ஏழு கிலோ கிட்ட வருது. இந்தப் பக்கம் 20 கிராம், அத்தனையும் ஒரு சொட்டு சிந்தாம உள்ள போச்சுன்னாலும் 20 கிராம்தான். ஏக்கருக்கு ரெண்டு டன் நெல்லு எடுக்கறோம். அந்த நெல்லு மணிக்குள்ள மட்டும் தழைச்சத்து 20 கிலோவுக்கு மேல உக்கார்ந்திருக்குது. அது எங்கிருந்தாவது வந்துதானே ஆகோணும்? மண்ணுல இருக்கற பழைய சேமிப்புல இருந்து வந்திருக்கும். சேமிப்பை எடுத்துத் தின்னுட்டு, சம்பாரிச்சேன்னு சொல்லக் கூடாது.

இன்னொரு கூத்தைக் கேளு. சாதா யூரியாவைத் தண்ணியில கரைச்சா என்ன ஆவுது? மூலக்கூறு மூலக்கூறாப் பிரிஞ்சு நிக்குது. ஒவ்வொண்ணும் ஒரு நானோமீட்டருக்கும் கீழ. பாட்டல்ல இருக்கற துகளை விடச் சின்னது! 2 சதம் யூரியாவைக் கரைச்சு இலையில அடிக்கறது பழைய பழக்கம். உளுந்துக்கு 2 சதம் டிஏபி அடிக்கலையா நாம? ஏக்கருக்கு 125 லிட்டரு தண்ணி, அதுல ரெண்டரைக் கிலோ யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசுன்னா, ரெண்டரைக் கிலோ பதினஞ்சு ரூபா. அதுல தழைச்சத்து 1,150 கிராம். அந்த 4 சதப் பாட்டல்ல 225 ரூபாய்க்கு 20 கிராம்தான் கெடைச்சுது. கடைக்காரன் உனக்கு டீ வாங்கிக் குடுத்திருக்கோணுமே, குடுத்தானா?

கம்பெனிக்காரங்க பக்கத்தையும் சொல்லிப் போடறேன், ஒருதலைப் பஞ்சாயத்து நமக்கு ஆகாது. 94 பயிருல, 11,000 விவசாயி காட்டுல போட்டுப் பார்த்தோம், சராசரி 8 சதம் வெளைச்சல் எச்சு வந்துச்சுங்கறாங்க. அந்தப் பக்கம் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரங்க ரெண்டு வருசம் போட்டுப் பார்த்து, வழக்கமான தழைச்சத்து போட்ட வயலை விட நெல்லும் கோதுமையும் கொறைஞ்சுதுன்னாங்க. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துல இருந்து பிராங்க், ஹுஸ்டட்னு ரெண்டு பேரு 2023-ல, இந்தக் கணக்கு அறிவியல்ல நிக்காதுன்னு கட்டுரையே எழுதுனாங்க. அதுக்கப்பறம் 2024-ல தழைச்சத்தை 20 சதத்துக்கு ஏத்தி "பிளஸ்" போட்டு வந்துச்சு. அரை லிட்டருல 100 கிராம். அஞ்சு மடங்கு ஏறியிருக்குது, சந்தோசம். 20 கிலோவுக்கு இன்னும் எத்தனை படி ஏறோணும்னு நீயே எண்ணிக்கோ.

அப்பறம் ஒரு எச்சரிக்கை. பொடிசு நல்லது பண்ணறதும் பொடிசுங்கறதாலதான், கெட்டது பண்ணறதும் அதே காரணத்தாலதான். மூக்குமசுரு தடுக்காது, நுரையீரல் அடி வரைக்கும் போகும். நீளமான கார்பன் நானோகுழாயை எலிக்கு உட்டுப் பார்த்தப்ப கல்நார் பண்ணுற அதே புண்ணைப் பண்ணுச்சுன்னு 2008-ல எழுதுனாங்க. மிட்டாய் வெள்ளையாத் தெரியறதுக்குப் போடற டைட்டானியம் டையாக்சைடுல நானோத் துகளும் கலந்திருக்குது. ஐரோப்பாவுல 2022-ல அதைச் சாப்பாட்டுல போடக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. அதுக்கோசரம் நானோன்னு கேட்டதும் பயந்து ஓடாதே. நானோன்னாப் பயப்படறவன் கொசுவத்திப் புகையிலயும் டீசல் புகையிலயும் தெனமும் அதையேதான் இழுத்துட்டிருக்கறான். காட்டுல பிளாஸ்டிக்கைக் குமிச்சுத் தீ வைக்கறயே, அதை நிறுத்து மொதல்ல. மருந்து அடிக்கறப்ப துண்டைச் சுத்திக்கிட்டா போதும்னு நெனைக்காதே. துண்டுல இருக்கற ஓட்டை துகளுக்கு ஊர்வாசல். காத்துக்கு எதுருல நிக்காதே, நல்ல முகமூடி போடு.

ஆகக்கூடி, நானோன்னு எழுதுன எதை எவன் நீட்டுனாலும் மூணு கேள்வி கேளு. உள்ள இருக்கறது என்ன பொருள்? எத்தனை கிராம்? வேலை முடிஞ்சு அது எங்க போவுது? மூணுக்கும் பதில் சொல்றவனுக்கு நாற்காலி போடு. "இது புது டெக்னாலஜி சார்"னு மட்டும் சொல்றவனுக்கு மோர் குடுத்துத் தாட்டி உடு.

பாட்டலைத்தான் வாங்கியாச்சே, கொட்டவா முடியும்? தெளி. நான் வேண்டாங்கலை. ஆனா ஒண்ணு பண்ணு. கெணத்து மேட்டு வயலை ரெண்டாப் பிரி. ஒரே நெல்லு, ஒரே நடவு, ஒரே தண்ணி. ஒரு பக்கம் மூட்டை, ஒரு பக்கம் பாட்டல். நடுவுல பச்சையைப் பார்த்து மயங்காதே, பச்சை கண்ணை ஏமாத்தும். அறுத்து, தூத்தி, காய வச்சு ரெண்டையும் தராசுல போடு. பாட்டல் பக்கம் செயிச்சா நானே ஊருக்கெல்லாம் சொல்றேன், உன்ர போட்டோவையும் பேப்பர்ல போடச் சொல்றேன். மூட்டை செயிச்சா யாருகிட்டயும் சொல்ல வேண்டாம், நம்ம ஊட்டோட இருக்கட்டும்.

போயி மூட்டையை எடுத்தா, பிரிச்சுக் காட்டறேன். எங்க, சாளையில காணோம்? பாட்டல் வந்துருச்சுன்னு கடையிலயே திருப்பிக் குடுத்துட்டயா? என்னடா, பேச்சையே காணோம்... சரி, வண்டியை எடு. கடை எட்டு மணி வரைக்கும் தெறந்திருக்கும். போறப்ப பாட்டலையும் எடுத்துக்கோ, அந்த மூணு கேள்வியை அவங்கிட்டயே கேட்டுட்டு வா.